வான்கோழி நோட்டக் குழுவின் மகத்தான வெற்றி

மனித குலம் வளர்த்த அறிவுத்துறைகளில் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: சுடக்கூடாத காலத்தில் வான்கோழியைத் தேடுவது. சுடலாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு எவனும் தேடுவான். துப்பாக்கியைத் தொடாதே என்று சட்டம் சொல்லும் மார்ச் மாதத்தில், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, முழங்கால் வரை பனியில் நனைந்து, ஒரு பறவை எந்த மரத்தில் தூங்குகிறது என்பதை 'மட்டும்' தெரிந்துகொண்டு வீடு திரும்ப ஓர் ஆன்மிகப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் எங்கள் ஊரில் மூன்று பேருக்கு இருக்கிறது. மூவரும் ஒரே குழுவில் அமைந்தது மிசூரி மாநிலம் செய்த பாக்கியம்.

'கெட்டில் ஹாலோ வட்டாரக் காட்டு வான்கோழி முன்பருவ நோட்டக் குழு' என்பது அதன் முழுப்பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வான்கோழி சாலையைக் கடந்துவிடும். கடந்தும் இருக்கிறது, நாங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. வியாழன்தோறும் மாலையில் தீவனக் கடையின் பின்னறையில், மூட்டைகளின் மேல் குழு கூடும். தலைவர் வெர்லின் ஸ்டோக்ஸ், என் சித்தப்பா, காப்பீட்டு முகவர். தொழில்நுட்பப் பிரிவு கேரி ப்ரூயிட். காட்டுக்குள் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டிகள் விற்பவர். ஒலிப் பிரிவு டாக்டர் ஹாலிஸ் பீம், பல் மருத்துவர். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பெட்டை வான்கோழி மாதிரி கத்துவதற்கு ஒரு ரப்பர் ஊதல் இருக்கிறது. அதை வாய்க்குள் சரியாகப் பொருத்தும் தகுதி படித்த ஒருவருக்குத்தான் உண்டு என்று குழு கருதியது. செயலாளர் நான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திங்கட்கிழமை வகுப்பு இல்லை, தட்டச்சு வரும். இவ்விரு காரணங்களுக்காக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

எங்கள் களம் ஓபல் ஃபென்ட்ரஸ் அம்மாளின் நூற்று இருபது ஏக்கர். அம்மாள் தனியாக இருக்கிறார், பதினாறு மாடுகளோடு. சித்தப்பா போகும் தேவாலயத்தில் அவருக்கு முன்வரிசை.

"பாக்க மட்டும்தான் அக்கா," என்று சித்தப்பா அனுமதி கேட்டார்.

"பாக்கறதுக்கு என்ன, பாத்துக்கோ," என்றார் அம்மாள்.

சுடுவது வேறு விஷயம். வேட்டைப் பருவம் திறக்கும் முதல் காலை ஒரு காட்டுக்குள் ஒரு தரப்புதான் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரையிருட்டில் இரண்டு தரப்பு ஒரே சேவலைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ஊரில் சில தொப்பிகளின் ஓட்டைகள் சொல்லும். ஓபல் அம்மாள் காட்டில் அந்த முதல் காலை ஒன்பது வருடமாக லீலண்ட் மேப்ஸுடையது. லீலண்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காகிதம் எதுவும் கிடையாது, கைகுலுக்கிக்கொண்டது மட்டும். பதிலுக்கு அவர் வேலியைப் பார்த்துக்கொள்வார், குளிர்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்குவார், வருடத்துக்கு ஒரே ஒரு சேவல் சுட்டு அதில் பாதியைச் சுத்தம் செய்து அம்மாளின் சமையலறையில் கொண்டுபோய் வைப்பார். இப்படி ஒரு படிவம்கூட இல்லாமல் ஒன்பது வருடம் நடந்ததை 'ஏற்பாடு' என்று சொல்லச் சித்தப்பாவின் தொழில்நேர்மை இடம்கொடுக்கவில்லை. 'இன்னும் நடக்காத விபத்து' என்றார்.

முதல் கள ஆய்வுக்கு மூவரும் இலைதழை அச்சிட்ட சட்டை, கால்சட்டை, கையுறை, முகத்திரையோடு வந்தார்கள். காபிப் பிளாஸ்க்குக்கும் அதே இலைதழை உறை. அதை ஓரிடத்தில் கீழே வைத்தோம். அவ்வளவுதான், அந்தப் பிளாஸ்க் இயற்கையோடு கலந்துவிட்டது. பறவைகள் கலைந்துவிடக் கூடாதே என்று கேரியின் இரண்டு மோட்டார் வண்டிகளையும் முகட்டின் உச்சிவரை 'மெதுவாக' ஓட்டிப் போனோம். இறங்கியதும் டாக்டர் ஆந்தை மாதிரி கூவினார். மரத்தில் அடைந்திருக்கும் சேவலுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் பொறுக்காது. இருந்த இடத்திலிருந்தே பதிலுக்குக் கூவித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

காடு பதில் பேசவில்லை.

"டாக்டர், உங்க ஆந்தை ஒரு மாதிரி இருக்கே," என்றார் கேரி.

"எப்படி?"

"பல்லு புடுங்கி அரை மணி நேரம் ஆன ஆந்தை மாதிரி."

"நீ வண்டிய நிறுத்திட்டுப் பேசுய்யா. உன் இன்ஜின் சத்தத்துல எனக்கே நான் கூவுறது கேக்கலை."

பறவை கிடைக்காவிட்டாலும் எச்சம் கிடைத்தது. வளைந்து கொக்கி மாதிரி இருந்தால் சேவல், சுருண்டு உருண்டையாக இருந்தால் பெட்டை. இது எதிலும் சேராமல் இருந்தது. குழு அதைச் சுற்றிக் குந்தி அமர்ந்தது.

"கோல்பி, எழுதிக்கோடா," என்றார் சித்தப்பா. "சேவல். வயசு மூணு."

"வளைவு பத்தலையே வெர்லின். எனக்குப் பெட்டைன்னு படுது."

"கேரி, இது வளைவு இல்லேன்னா வேற எதுய்யா வளைவு? டாக்டர், நீங்க சொல்லுங்க, நீங்க படிச்சவரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் போட்டுக்கொண்டு குனிந்தார். "சேவல்னே வெச்சுக்கலாம்," என்றார்.

இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கு வித்தியாசத்தில் அது சேவலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போது ஓபல் அம்மாளின் நாய் அவ்வழியே வந்து, தனக்குச் சொந்தமான ஒன்றைப் பார்க்கிற பாவனையில் அதை முகர்ந்துவிட்டுப் போனது. நாய்க்கு வாக்குரிமை இல்லாததால் அதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றவில்லை.

பிறகு அறிவியல் உள்ளே வந்தது. மரங்களில் பதினான்கு தானியங்கிக் கேமராக்களைக் கேரி கட்டினார். பத்து நாளில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படங்கள். பெரும்பான்மை, கேமராவைக் கட்டிவிட்டுத் திரும்பி நடக்கும் கேரியின் பின்புறம். அடுத்தது ராக்கூன்கள். மாடுகள். ஆடும் கிளை ஒன்று, நானூறு கோணங்களில். மிச்சமிருந்த நாற்பத்தொரு படங்களில் லீலண்ட் மேப்ஸ் இருந்தார்.

பழுப்பு நிற வேலைக் கோட்டு, கையில் காபிக் கோப்பை, ஓக் மரத்தில் சாய்ந்த முதுகு. எல்லாப் படத்திலும் அப்படியே. அவர் ஒன்றுமே செய்யவில்லை. முப்பத்தேழாவது படத்தில் அவருக்குப் பின்னால், இருபதடி தூரத்தில், பதினொரு வான்கோழிகள் வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன.

தீவனக் கடையில் அந்தப் படம் மூட்டைக்கு மூட்டை கைமாறியது.

"இவன் ஒண்ணுமே செய்யலையேய்யா," என்றார் சித்தப்பா.

"அதான் எனக்கும் சந்தேகம்," என்றார் கேரி. "மனுஷன்னா ஏதாவது செய்வான்ல?"

அன்று நிறைவேறிய தீர்மானம் இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. வான்கோழி இருக்குமிடம் லீலண்டுக்குத் தெரிகிறது. லீலண்ட் இருக்குமிடம் நமக்குத் தெரிகிறது. எனவே இனி லீலண்டை நோட்டம் பார்ப்பது. வான்கோழியைவிட அவர் பல வகையிலும் வசதியானவர். பறக்க மாட்டார், எச்சத்தை வைத்து அடையாளம் காண வேண்டியதில்லை. ஒருவன் போகும் மேட்டுக்கு அவனைப் பின்தொடர்ந்து போவது எங்கள் பக்கத்தில் செருப்படிக்குரிய செயல். ஆனால் நாங்கள் ஒருவரல்ல, குழு. குழு செய்தால் அதற்கு 'ஆய்வு' என்று பெயர்.

மறுநாள் புதருக்குள் படுத்து நான் எடுத்த குறிப்பு: 'ஐந்து பத்து: இலக்கு காபி ஊற்றிக்கொண்டது. ஐந்து பதினெட்டு: இலக்கு காது கொடுத்துக் கேட்டது. ஐந்து இருபத்து நான்கு: இலக்கு தும்மியது. ஐந்து இருபத்து நான்கு, அதே நொடி: மேட்டில் சேவல் கூவியது.'

கடைசி வரியைப் படித்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"தும்மலா!"

"தும்மல்தான் டாக்டர்," என்றேன்.

"எப்படித் தும்மினான்? அச்சா, ஆச்சா?"

"முதல்ல ஒரு மூச்சு. அப்புறம் 'அ...ஹச்'. கடைசியில கொஞ்சம் இழுவை."

"அந்த இழுவையிலதான்யா விஷயமே இருக்கு!"

மூன்று நாள் நோயாளிகளைக் காத்திருக்க வைத்துவிட்டு டாக்டர் அந்தத் தும்மலைப் பயிற்சி செய்தார். மிளகு உதவியது. நான்காம் நாள் விடியலில் முகட்டில் நின்று, தன் வாழ்நாளின் சிறந்த மூன்று தும்மல்களைக் காட்டுக்கு வழங்கினார். சேவல் கூவவில்லை. பத்தடி தள்ளியிருந்த ஓக் மரம் பேசியது.

"கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, டாக்டர்."

லீலண்ட் கோப்பையைக் கவிழ்த்து உதறிக்கொண்டே எழுந்து வந்தார். எங்கள் மூன்று இலைதழைகளையும் என்னையும் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அது அவருடைய நாகரிகக் குறைவு.

"சளிக்கு மாத்திரை வேணுமா? வண்டியில இருக்கு."

"நோட்டம் பாக்கறோம் லீலண்ட்," என்றார் சித்தப்பா, விறைப்பாக.

"பாருங்க, நல்லது. ஆனா அந்த வாய் ஊதலை மட்டும் இப்ப ஊதாதீங்க டாக்டர். போன வாரம் கேட்டேன். பருவம் தொறக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. இப்பவே ஏமாத்திப் பழக்கிட்டா, அப்புறம் நெஜப் பெட்டை கூப்பிட்டாலும் சேவல் யோசிக்கும்." கையால் கீழே காட்டினார். "ஊத்துக்கு மேல மூணு வெள்ளை சிக்கமோர் மரம் இருக்குல்ல? அதுலதான் அடையுதுங்க. விடிஞ்சா தெக்கு மேய்ச்சல்ல எறங்கும். இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஆறரைக்குப் பேருந்தை எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். 'தீவிரக் கண்காணிப்பின் விளைவாக அடையும் மரங்கள் கண்டறியப்பட்டன' என்று நான் குறித்துக்கொண்டேன்.

அன்றைய அவசரக் கூட்டத்தில் சித்தப்பாவின் முகம் கவலையில் கறுத்திருந்தது.

"நிலைமை மோசம். நம்ம ரகசியம் லீலண்டுக்கும் தெரிஞ்சிருக்கு."

"எது?"

"மூணு சிக்கமோர்."

"அவன்தானேய்யா நமக்குச் சொன்னான்?" என்றார் கேரி.

"அதைத்தான் சொல்றேன். இன்னைக்கு நமக்குச் சொன்னவன் நாளைக்கு வேற எவனுக்குச் சொல்ல மாட்டான்? நம்பகமான ஆளா அவன்?"

இந்த வாதத்தின் ஆழத்தில் டாக்டர் சிறிது நேரம் மூழ்கிக் கிடந்தார். வெளியே வந்தபோது, லீலண்டை அந்தக் காட்டிலிருந்து விலக்க அவரும் சம்மதித்திருந்தார்.

காட்டில் விபத்து நடந்தால் உரிமையாளர் பொறுப்பல்ல, சுடும் உரிமை குழுவுக்கே என்று சொல்லும் நாலு பக்கப் படிவத்தோடு சித்தப்பாவும் நானும் ஓபல் அம்மாளின் சமையலறையில் உட்கார்ந்தோம். அம்மாள் சோள ரொட்டி வெட்டிக் கொடுத்தார். அடுப்போரம் விறகு கூரை உயரத்துக்கு, செங்கல் அடுக்கியது மாதிரி இருந்தது. யார் அடுக்கியது என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் நாகரிகமற்றவர்கள் அல்ல.

"அக்கா, உங்க காட்டுல லீலண்ட் வழுக்கி விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டா யாரு பொறுப்பு?"

"அவன் ஏன் விழறான்? ஒம்பது வருஷமா விழலையே."

"அதான் அக்கா பயமே. ஒம்பது வருஷமா விழாம சேத்து வெச்சிருக்கான். விழுந்தா மொத்தமா விழுவான். கோர்ட்டுக்குப் போனா நெலம் போயிடும், மாடு போயிடும். இந்த வீடு..." சித்தப்பா வீட்டை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் வீட்டின் பாதிக் கூரை போய்விட்டது.

அம்மாளின் கை வெட்டுக்கத்தியிலேயே நின்றது. "லீலண்ட் என் மேல கேஸ் போடுவானா?"

"அவன் போட மாட்டான் அக்கா. அவன் கால் போடும்."

"சரி, அவன்கிட்டயும் இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டாப் போச்சு."

"ஒரு காட்டுக்கு ஒரு படிவம்தான் அக்கா. விதி."

அந்த விதி பிறந்து நாற்பது விநாடி ஆகியிருந்தது. ஆனாலும் சித்தப்பாவின் வாயில் அது நூறு வருடச் சட்டம் மாதிரி கம்பீரமாக நின்றது. நான் ரொட்டியை மென்றேன்; வாயில் ரொட்டி இருக்கும்போது பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அம்மாள் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.

"நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க வெர்லின். அவன் மொகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வராது."

சொல்வதற்கு என்னைவிடத் தகுதியானவன் குழுவில் இல்லை. அன்றே கடிதம் தயாரித்தேன். 'மேற்படி நிலத்தில் தாங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றித் தொடர்ச்சியாக ஒன்பது ஆண்டுகள் காணப்பட்டது புகைப்பட ஆதாரத்துடன் நிறுவப்பட்டுள்ளதால், நில உரிமையாளரின் பாதுகாப்பைக் கருதி, இனி அந்நிலத்தினுள் தங்கள் வருகை விரும்பப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதில் 'வருத்தத்துடன்' என்பது என் சொந்தச் சேர்க்கை. சித்தப்பா அதை அடிக்கப் பார்த்தார். அலுவலக மரபு என்று வாதாடிக் காப்பாற்றினேன்.

பருவம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பேருந்துக் கொட்டகையில் லீலண்ட் வண்டியின் உள்தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். முடிந்ததும் முதல் வரிக்குப் போய் இன்னொரு தடவை படித்தார்.

"ஓபல் அம்மாவுக்கு இது தெரியுமா தம்பி?"

"படிவத்துல கையெழுத்து அவங்களோடதுதான்."

"அவங்க வாயால சொன்னாங்களா?"

"இன்ஷூரன்ஸ் விஷயம்னு..."

"பயமுறுத்திட்டீங்களா?"

அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லும் பொறுப்பு தலைவருடையது.

லீலண்ட் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு இருக்கையில் உட்கார்ந்தார். குழந்தைகளுக்கான இருக்கை, முழங்கால் மார்புக்கு வந்தது.

"எனக்கு வருஷத்துக்கு அந்த ஒரு காலைதான் தம்பி. அதுவும் ஆறரை வரைக்கும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஓடைப் பக்கம் மூலைக் கம்பம் ஆடுது, அவங்ககிட்ட சொல்லு. மாடு சாஞ்சா போயிடும். சனிக்கிழமை நானே நட்டுடலாம்னு இருந்தேன். இப்ப உள்ள போகக் கூடாதில்ல. நீங்க யாராவது நட்டுருங்க."

நான் குழுவிடம் தெரிவித்தேன். 'வேலி உபகுழு' உடனே அமைக்கப்பட்டது. கம்பம் நடுவது நோட்டத்தில் அடங்குமா என்ற அடிப்படைக் கேள்வி எழுந்ததால் உபகுழு இரண்டு முறை கூடி, மூன்றாவது முறை கூடுவதென முடிவெடுத்தது.

ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை. பருவத்தின் முதல் காலை. மூன்று வெள்ளை சிக்கமோர் மரங்களுக்குக் கீழே குழு பதுங்கியிருந்தது. இவ்வளவு தும்மலுக்கும் இன்ஜினுக்கும் பிறகு பதினொன்றில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கிழட்டுச் சேவல். அது ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காட்டில் மரத்தடியில் உட்காருகிற ஆளைப் பற்றி அதற்கு இதுவரை நல்ல அபிப்பிராயமே இருந்திருக்கலாம். வெளிச்சம் வந்தது, சேவல் இறங்கியது, சித்தப்பா சுட்டார்.

ஆறே முக்காலுக்குச் சாலையோரக் கேட்டில், கேரியின் வண்டி மீது சேவலைக் கிடத்தி, விசிறி மாதிரி வாலை விரித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஓபல் அம்மாளுக்குத் தருவதற்கு ஒரு பிரதியைச் சட்டம் போட வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். பாதிக் கறி தருகிற பழைய பழக்கத்தைவிட இது நீடித்து நிற்கும் அல்லவா? அப்போதுதான் வளைவில் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. நிற்கத்தான் வேண்டும், சாலை முழுக்க மாடுகள். ஓடை மூலையில் கம்பம் விழுந்து கிடந்தது.

லீலண்ட் இறங்கினார். மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் 'ஹோய் ஹோய்' என்று கத்தியதற்கு எதிர்ப்பக்கம் ஓடிய மாடுகள், அவர் முதுகைத் தட்டியதும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவர் பின்னாலேயே போய்க் கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, கல்லால் அடித்து இறுக்கி, கம்பியை இழுத்து முறுக்கினார். பேருந்து ஜன்னல்களில் முப்பது முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கடமை தவறாத சித்தப்பா குரல் கொடுத்தார். "லீலண்ட்! வேலிக்கு உள்ள நிக்கறே. படிவம் இல்லாம நிக்கக் கூடாது!"

"சரி வெர்லின்," என்றார் லீலண்ட், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாடுகளுக்கும் ஒண்ணு குடுத்துடு. அதுங்க வெளிய நின்னுச்சு."

ஜன்னல்கள் சிரித்தன. கேரியும் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லீலண்ட் வேலியைத் தாண்டி வந்து, வண்டி மேல் கிடந்த சேவலின் நெஞ்சில் ஒருமுறை கைவைத்தார்.

"நல்ல சேவல். போன ரெண்டு வருஷமும் இவனை விட்டு வெச்சேன். இன்னும் கொஞ்சம் கூவட்டுமேன்னு."

பேருந்து போய்விட்டது.

எங்கள் மாநிலத்தில் ஒழுங்கு உண்டு. சுட்டது எதுவானாலும் அன்றிரவு பத்து மணிக்குள் அரசாங்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். தலைவர் கைகழுவப் போனதால், செயலாளர் என்ற முறையில் நான் அழைத்தேன். இயந்திரக் குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது: சேவலா, பெட்டையா, எந்த வட்டாரம், இளசா, முதிர்ந்ததா. சொன்னேன். இந்தப் பருவத்தில் இதற்கு முன் வேறு எதையாவது வீழ்த்தியிருக்கிறீர்களா என்று கடைசியாகக் கேட்டது. இல்லை என்ற பொத்தானை அழுத்தினேன். குரல் நன்றி சொன்னது. அதைக் குறை சொல்ல முடியாது. வான்கோழியை வீழ்த்தத் துப்பாக்கி வேண்டும், உரிமம் வேண்டும், பருவம் திறக்கக் காத்திருக்க வேண்டும். மனிதனுக்கு ஒரு கடிதம் போதும். அதை நான் பன்னிரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது.